வி.ஆர். ஹெட்செட் வளர்ந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வி.ஆர். என்பது விர்ச்சுவல் ரியாலிட்டி, கம்ப்யூட்டர் வரையும் ஒரு உலகத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டுவது. அதில் கேம் ஆட முகத்தில் மாட்டும் ஹெட்செட் பற்றி, எனக்குத் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

முகத்துக்கு முன்னால் ஒரு ஸ்கிரீனைக் கட்டிக்கொள்வதுதானே, அதில் என்ன பெரிய விஷயம்?

ஸ்கிரீன் பாதி வேலைகூட இல்லை. கண்ணுக்கு நாலைந்து சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு ஸ்கிரீனை வைத்தால் நம்மால் அதைத் தெளிவாகப் பார்க்கவே முடியாது, அதனால் நடுவில் லென்ஸ் வேண்டும். லென்ஸ் வைத்தால் படத்தின் ஓரங்கள் வளைந்து தெரியும், அதனால் அந்த வளைவை ஈடுகட்டும்படி கம்ப்யூட்டர் படத்தை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாக வளைத்து அனுப்ப வேண்டும். இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படம் போனால்தான் ஆழம் தெரியும், ஆகவே ஒவ்வொரு காட்சியையும் இரண்டு முறை வரைய வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது. நீங்கள் தலையைத் திருப்பும்போது அந்த உலகம் அதே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், அதற்காக ஸ்கிரீனில் இருக்கும் படம் உங்கள் தலையோடு சேர்ந்து உடனே மாற வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் உடம்பு கண்டுபிடித்துவிடும். வி.ஆர். வரலாறு என்று நான் சொல்வது பெரும்பாலும் அந்தத் தாமதத்தோடு நடந்த சண்டையைத்தான். ரெசல்யூஷன், விலை, எடை எல்லாம் அதற்கு அப்புறம்.

இது புதுசாக வந்ததா, முன்பே இருந்ததா?

ரொம்பப் பழையது. 1968ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் தன் மாணவர் பாப் ஸ்ப்ரோலுடன் சேர்ந்து தலையில் மாட்டிப் பார்க்கும் ஒரு கருவியைச் செய்துகாட்டினார். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்க, கூரையிலிருந்து ஒரு இரும்புக் கை இறங்கிவந்து அந்தக் கருவியோடு இணைந்திருக்கும். தலைக்கு மேலே அது தொங்கிக்கொண்டு இருந்ததால் கிரேக்கக் கதையில் வரும் டாமக்ளீஸின் வாள் என்று அதற்குப் பெயர். அதில் தெரிந்தது வெறும் கோடுகளால் ஆன கனசதுரம் போன்ற உருவங்கள்தான். ஆனாலும் தலையை நகர்த்தினால் அந்தக் கனசதுரத்தின் வேறு பக்கம் தெரிந்தது. யோசனை முழுசாக அப்போதே இருந்தது, அதைச் செய்து முடிக்கும் பொருட்கள்தான் இல்லை.

1980களில் ஜேரன் லேனியரின் வி.பி.எல். ரிசர்ச் நிறுவனம் ஹெட்செட்டும் கையுறையும் செய்து விற்றது. விலை ஆயிரக்கணக்கான டாலர், வாங்கியவை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்கள். அந்தக் கையுறைத் தொழில்நுட்பத்தின் மலிவான வடிவம்தான் 1989ல் நின்டெண்டோவின் கேம் கருவிக்காக மேட்டல் என்ற பொம்மை நிறுவனம் விற்ற பவர் கிளவ்.

1990களில் ஆர்கேடில் (காசு கொடுத்து கேம் ஆடும் கூடத்தில்) வி.ஆர். இருந்ததாமே?

இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் ஜொனதன் வால்டர்ன் தொடங்கிய நிறுவனம் விர்ச்சுவாலிட்டி என்ற பெயரில் 1991 வாக்கில் ஆர்கேட் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. ஒரு வட்ட மேடையில் ஏறி நின்று, பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு துப்பாக்கியோடு ஆட வேண்டும். டாக்டைல் நைட்மேர் என்ற கேம் அதில் பிரபலம். சதுரங்கப் பலகை போன்ற தளங்களில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும்போது மேலிருந்து டெரோடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் பிராணி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தக் காலத்து கம்ப்யூட்டரில் இதை இயக்கினார்கள் என்பதே எனக்கு இன்றும் பெரிய மரியாதை தரும் விஷயம். ஆனால் படம் கரடுமுரடானது, ஹெட்செட் கனமானது, ஒரு ஆட்டம் சில நிமிடம்தான்.

ஜப்பானிய கேம் நிறுவனமான செகாவும் 1990களின் தொடக்கத்தில் தன் மெகா டிரைவ் கன்சோலுக்கு ஒரு ஹெட்செட் அறிவித்தது, 1993ல் கண்காட்சியில் காட்டவும் செய்தது, கடைசியில் விற்பனைக்கே கொண்டுவரவில்லை.

நின்டெண்டோ விர்ச்சுவல் பாய் ஏன் அப்படித் தோற்றது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது வி.ஆர். ஹெட்செட்டே இல்லை. மேஜைமேல் இரண்டு காலில் நிற்கும் ஒரு கருவி அது, நாம் குனிந்து அதற்குள் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் உள்ளே எதுவும் திரும்பாது. ஆழம் தெரியும், அவ்வளவுதான். 1995 ஜூலையில் ஜப்பானிலும் அடுத்த மாதம் அமெரிக்காவிலும் வந்தது, அமெரிக்க விலை 179.95 டாலர்.

செய்தவர் குன்பே யோகோய், கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவியை உலகுக்குக் கொடுத்தவர். வரிசையாக நிற்கும் சிவப்பு எல்இடி விளக்குகளும், வேகமாக அசையும் ஒரு கண்ணாடியும் சேர்ந்து படத்தைக் கோடு கோடாக வரையும் முறை அது. சிவப்பு மட்டும் ஏன் என்றால், அப்போது சிவப்பு எல்இடிதான் மலிவு, மின்சாரமும் குறைவாக இழுக்கும். விளைவு, கறுப்புப் பின்னணியில் சிவப்பாகவே ஒரு உலகம். கண் வலி, கழுத்து வலி என்று ஆடியவர்கள் சொன்னார்கள், ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் ஆட வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்தது. மொத்தம் 22 கேம்தான் வெளியானது, சுமார் 7,70,000 கருவிகள் விற்று, ஒரு வருடத்துக்குள் கதை முடிந்தது.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்தத் தோல்விக்குப் பிறகு பெரிய கேம் நிறுவனங்கள் வி.ஆர். பக்கமே பல வருடம் எட்டிப் பார்க்கவில்லை. வி.ஆர். ஆகவே இல்லாத ஒரு கருவியின் கெட்ட பெயரை வி.ஆர். சுமந்தது.

அப்புறம் ஆக்குலஸ் ரிஃப்ட் எப்படி வந்தது?

போன்களால் வந்தது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்மார்ட்போன் கோடிக்கணக்கில் விற்க ஆரம்பித்த பிறகுதான் சின்ன, நெருக்கமான பிக்சல் உள்ள ஸ்கிரீன்களும், திருப்பத்தை உணரும் கைரோஸ்கோப் சென்சார்களும் மலிவாகக் கிடைத்தன. 1990களில் அவற்றுக்கு ஒரு காரின் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

கலிபோர்னியாவின் லாங் பீச்சைச் சேர்ந்த பால்மர் லக்கி என்ற இளைஞர் பழைய ஹெட்செட்களை வாங்கிச் சேர்ப்பவர், தானே பல மாதிரிகளைச் செய்தவர். அவருடைய அணுகுமுறை எளிமையானது: விலை உயர்ந்த சிக்கலான லென்ஸ்களால் வளைவைச் சரிசெய்ய வேண்டாம், மலிவான லென்ஸை வைத்துப் பார்வைப் பரப்பை அகலமாக்கிவிட்டு, வளைவை மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம். டூம் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் அவரிடம் ஒரு மாதிரியை வாங்கி, அதில் டூம் 3 கேமை ஓடவைத்து, 2012 ஜூனில் இ3 என்ற கேம் கண்காட்சியில் வந்தவர்களுக்கு மாட்டிக் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் லக்கி தொடங்கிய ஆக்குலஸ் நிறுவனம், ரிஃப்ட் என்று பெயர் வைத்த அந்த ஹெட்செட்டுக்காக, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2,50,000 டாலர் கேட்டது, முடிவில் 24 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அப்போது லக்கிக்கு 19 வயது.

2013 மார்ச்சில் கேம் உருவாக்கும் டெவலப்பர்களுக்கான முதல் ரிஃப்ட் பெட்டி வந்தது. ஒரு கண்ணுக்கு 640 x 800 பிக்சல், நொடிக்கு 60 படம். பிக்சல்களுக்கு நடுவே உள்ள கறுப்புக் கோடுகள் கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும். தலையைத் திருப்பினால் கண்டுபிடிக்கும், ஆனால் முன்னால் சாய்ந்தால் அதற்குத் தெரியாது. இவ்வளவு குறை இருந்தும், மாட்டிப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள், ஏனென்றால் முதல்முறையாக 300 டாலருக்கு ஒரு உலகத்துக்குள் நிற்க முடிந்தது.

தாமதம், தாமதம் என்கிறீர்களே, எவ்வளவு தாமதம் தாங்கும்?

தலை அசைந்த நொடியிலிருந்து அதற்கேற்ற ஒளி கண்ணுக்கு வந்து சேரும்வரை 20 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது கார்மாக் போன்றவர்கள் வைத்த இலக்கு. ஒரு நொடியை ஐம்பதாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குள் சென்சார் அளந்து, கேம் கணக்குப்போட்டு, கிராபிக்ஸ் கார்டு இரண்டு படம் வரைந்து, ஸ்கிரீன் ஒளிர வேண்டும். சாதாரண கேம்களில் டிவியின் தாமதத்தையும் சேர்த்தால் 100 மில்லிசெகண்டைத் தாண்டிப் போனாலும் நாம் ஒன்றும் சொல்லாமல் ஆடிக்கொண்டிருப்போம்.

இதைச் சாதித்த தந்திரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது டைம்வார்ப். படத்தை வரைந்து முடிக்கும்போது தலை இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும் இல்லையா? ஸ்கிரீனுக்கு அனுப்பும் கடைசிக் கணத்தில் சென்சாரை மறுபடி பார்த்து, வரைந்த படத்தையே அந்த அளவுக்கு நகர்த்திவிடுவார்கள். புதிதாக வரைவதில்லை, நகர்த்துவது மட்டும்தான், அதனால் நேரமே எடுக்காது. கேம் ஒரு படத்தைத் தவறவிட்டாலும் பழைய படத்தை நகர்த்திக் காட்டிச் சமாளித்துவிடலாம். இது இல்லாமல் போன் சிப்பில் ஓடும் இன்றைய ஹெட்செட்கள் சாத்தியமே இல்லை என்பேன்.

இன்னொன்று, படம் இழுபடும் பிரச்சினை. ஒரு படம் அடுத்த படம் வரும்வரை ஸ்கிரீனில் எரிந்துகொண்டே இருந்தால், தலையைத் திருப்பும்போது அது கண்ணில் மையைத் தேய்த்ததுபோல் இழுபடும். அதனால் ஒவ்வொரு படத்தையும் ஓரிரு மில்லிசெகண்ட் மட்டும் பளிச்சென்று காட்டிவிட்டு, மீதி நேரம் ஸ்கிரீனை இருட்டாக விட்டார்கள். பாதி நேரத்துக்கு மேல் இருட்டையே பார்க்கிறோம், ஆனால் மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. வால்வ் என்ற கேம் நிறுவனத்தில் மைக்கேல் ஏப்ராஷ் குழு இதை ஆராய்ந்து காட்டியது, 2014 ஜூலையில் வந்த ஆக்குலஸின் இரண்டாவது டெவலப்பர் பெட்டியிலும் இது வந்தது. அதில் போனுக்காகச் செய்த ஓஎல்இடி ஸ்கிரீன் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை), நொடிக்கு 75 படம். ஒரு கேமரா ஹெட்செட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் முன்னால் சாய்வதும் தெரிந்தது.

ஆக்குலஸைப் பேஸ்புக் வாங்கியது நல்லதா கெட்டதா?

2014 மார்ச்சில் 200 கோடி டாலர் மதிப்பில் வாங்கினார்கள். கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்டவர்களில் பலர் கொதித்துப் போனார்கள். மைன்கிராஃப்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் ரிஃப்டுக்கான பதிப்பு பற்றிய பேச்சையே அந்தச் செய்திக்குப் பிறகு நிறுத்திவிட்டார்.

என் கருத்து இரண்டு பக்கமும் போகிறது. மெட்டாவின் (பேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2022ல் 1,370 கோடி டாலர், 2023ல் 1,610 கோடி டாலர் செயல்பாட்டு நஷ்டம் காட்டியது. (இதில் கண்ணாடி முதலிய வேறு வேலைகளும் அடக்கம்.) இப்படிக் கொட்டிக்கொண்டே இருக்க எந்தச் சின்ன நிறுவனத்தாலும் முடியாது, பின்னால் வந்த 300 டாலர் குவெஸ்ட் 2 ஹெட்செட் இப்படிக் கொட்டிய பணத்தில் வந்ததுதான். ஆனால் 2020ல் ஹெட்செட்டை இயக்கவே பேஸ்புக் கணக்கு கட்டாயம் என்று அவர்கள் கொண்டுவந்தது தவறு. நான் காசு கொடுத்து வாங்கிய கருவி, ஒரு சமூக வலைத்தளக் கணக்கு முடங்கினால் செயலிழந்துபோகலாம் என்ற நிலை எந்தக் காரணத்தாலும் நியாயமாகாது. ஜெர்மனியில் எழுந்த சட்டச் சிக்கலால் அங்கே விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். 2022 ஆகஸ்டில்தான் தனி மெட்டா கணக்கு போதும் என்று மாற்றினார்கள்.

2016ல் மூன்று ஹெட்செட் ஒன்றாக வந்ததே, எது ஜெயித்தது?

மார்ச் 28ல் ஆக்குலஸ் ரிஃப்ட், 599 டாலர். ஏப்ரல் 5ல் எச்டிசி நிறுவனம் வால்வோடு சேர்ந்து செய்த வைவ், 799 டாலர். அக்டோபர் 13ல் சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர்., 399 டாலர்.

விற்பனையில் சோனி முந்தியது. பிளேஸ்டேஷன் 4 ஏற்கெனவே பல வீட்டில் இருந்தது, தனியாக ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. 2020 தொடக்கத்துக்குள் 50 லட்சம் ஹெட்செட் விற்றதாகச் சோனி சொன்னது. அதன் பிக்சல் எண்ணிக்கை மற்ற இரண்டையும்விடக் குறைவு, ஆனால் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுசாக இருந்ததால் கொசுவலைத் தோற்றம் குறைவாகத் தெரிந்தது.

ஆனால் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று காட்டியது வைவ்தான். ரிஃப்ட் முதலில் ஒரு எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரோடு வந்தது, உட்கார்ந்து ஆடுவதை மனதில் வைத்துச் செய்தது. வைவ் முதல் நாளிலேயே இரண்டு கைக்கும் கண்ட்ரோலர் கொடுத்து, எழுந்து அறைக்குள் நடக்கச் சொன்னது. 2017ல் ஒரு நண்பர் வீட்டில் அதை முதல்முறை மாட்டியபோது கீழே குனிந்து ஒரு மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன், அடியில் மேஜையின் மறுபக்கம் தெரிந்தது. அந்தக் கணம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆக்குலஸ் தன் டச் கண்ட்ரோலர்களை 2016 டிசம்பரில்தான் தனியாக விற்றது, கையில் பிடிக்க இன்றுவரை அந்த வடிவம்தான் சிறந்தது என்பது என் எண்ணம்.

வைவோடு வரும் அந்த இரண்டு பெட்டிகள் என்ன செய்கின்றன? கேமராவா?

கேமரா இல்லை. சொல்லப்போனால் அவற்றுக்கு நீங்கள் அங்கே இருப்பதுகூடத் தெரியாது. வால்வ் அதற்கு வைத்த பெயர் லைட்ஹவுஸ், பெயருக்கேற்ற வேலைதான் செய்கிறது. அறையின் இரண்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத லேசர் கோட்டை அறை முழுக்கச் சுழற்றி வீசும், ஒருமுறை இடமிருந்து வலம், ஒருமுறை கீழிருந்து மேல். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒரு பளிச். ஹெட்செட் முழுக்கப் பதித்த சின்னச் சின்ன ஒளி சென்சார்கள், பளிச் வந்ததிலிருந்து லேசர் தன்மேல் படும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணும். நேரம் தெரிந்தால் கோணம் தெரியும், பல சென்சார்களின் கோணம் தெரிந்தால் ஹெட்செட் எங்கே எப்படி இருக்கிறது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும்.

ரிஃப்ட் இதற்கு நேர் எதிர். ஹெட்செட்டில் அகச்சிவப்பு விளக்குகள், அவற்றை மேஜைமேல் இருக்கும் கேமரா பார்க்கும். ஹெட்செட்டுக்குள் இருக்கும் சென்சார் மட்டுமே போதாதா என்று கேட்பீர்கள். திருப்பத்துக்குப் போதும். இடமாற்றத்துக்குப் போதாது, ஏனென்றால் முடுக்கத்தை அளந்து அதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டால் சின்னப் பிழைகூடச் சில நொடிகளில் மீட்டர் கணக்கில் வளர்ந்துவிடும்.

போனை உள்ளே மாட்டும் அட்டைப்பெட்டி வி.ஆர். என்ன ஆனது?

கூகுள் கார்ட்போர்ட் 2014ல் வந்தது, லென்ஸ் வைத்த அட்டைப்பெட்டி, போனைச் செருகிப் பார்க்கலாம். சாம்சங் கியர் வி.ஆர். 2015 இறுதியில் 99 டாலருக்கு வந்தது, அதில் ஆக்குலஸின் சென்சாரும் மென்பொருளும் இருந்ததால் தரம் பல மடங்கு மேல்.

இரண்டிலும் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும், நகர்வது தெரியாது. முன்னால் சாய்ந்தால் மொத்த உலகமும் உங்களோடு சேர்ந்து சாயும், அதுதான் குமட்டலுக்குக் காரணம். போன் சூடாகும், பேட்டரி இறங்கும், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் இதை வைத்து வி.ஆர். இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விர்ச்சுவல் பாய் செய்த அதே சேதத்தை இதுவும் செய்தது.

குவெஸ்ட் எப்படி எல்லாவற்றையும் மாற்றியது?

வயரை அறுத்தது. 2019 மே மாதம் ஆக்குலஸ் கொண்டுவந்த முதல் குவெஸ்ட், 399 டாலர், உள்ளே ஸ்னாப்டிராகன் 835, அதாவது இரண்டு வருடப் பழைய போன் சிப். கம்ப்யூட்டரும் வேண்டாம், அறை மூலையில் பெட்டியும் வேண்டாம். ஹெட்செட்டின் நான்கு மூலையிலும் கேமரா, அவை உங்கள் அறையில் உள்ள ஜன்னல் மூலை, அலமாரி விளிம்பு, சுவரில் மாட்டிய படம் என்று மாறாத புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, அவை நகர்வதை வைத்து நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும். வெள்ளையடித்த வெற்றுச் சுவர் அறையிலும், விளக்கு அணைத்த அறையிலும் அது தடுமாறுவதற்குக் காரணம் இதுதான், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

கிராபிக்ஸ் தரத்தில் இது ரிஃப்டைவிடப் பின்னால் போன கருவி, ஆனாலும் மக்கள் இதைத்தான் எடுத்தார்கள், ஏனென்றால் மாட்டியவுடன் ஆடலாம். காலில் வயர் சிக்காமல் ஒரு முழுச் சுற்று சுற்ற முடிவது எவ்வளவு பெரிய விடுதலை என்று வயரோடு ஆடியவர்களுக்குத்தான் தெரியும். 2020 அக்டோபரில் குவெஸ்ட் 2, 299 டாலர், ஒரு கண்ணுக்கு 1832 x 1920 பிக்சல். அதுதான் வி.ஆரை உண்மையில் வீடுகளுக்குள் கொண்டுபோனது. 2023 அக்டோபரில் குவெஸ்ட் 3, 499 டாலர், அடுத்த ஆண்டு அதன் மலிவான தம்பி 3எஸ், 299 டாலர்.

குவெஸ்ட் 3ல் லென்ஸ் நன்றாக இருக்கிறது என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பழையவற்றில் இருந்தது ஃப்ரெனெல் லென்ஸ். பிரான்ஸின் இயற்பியலாளர் ஃப்ரெனெல் 200 வருடத்துக்கு முன்பு கலங்கரை விளக்கங்களுக்காக வடிவமைத்தது. தடிமனான லென்ஸை வளையம் வளையமாக வெட்டித் தட்டையாக்கியது, எடை குறையும். ஆனால் அந்த வளைய விளிம்புகளில் ஒளி சிதறும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றிக் கதிர் வீசுவதுபோல் தெரியும். நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல்.

புதியது பேன்கேக் லென்ஸ். ஒளி லென்ஸ்களுக்கு இடையே முன்னும் பின்னும் எதிரொளித்து, நீளமான பாதையைச் சின்ன இடத்துக்குள் மடித்துக்கொள்ளும். அதனால் ஹெட்செட் மெலிந்தது, ஓரம்வரை தெளிவு வந்தது. அதில் உள்ள குறை என்னவென்றால், ஸ்கிரீனிலிருந்து கிளம்பும் ஒளியில் கால் பங்குக்கு மேல் கண்ணை எட்டாது, ஸ்கிரீன் அவ்வளவு அதிகமாக எரிய வேண்டும். மலிவான 3எஸ்ஸில் இன்னும் ஃப்ரெனெல்தான். கையில் காசு இருந்தால் 3 வாங்குங்கள் என்று நான் சொல்வது லென்ஸுக்காகத்தான்.

எனக்குத் தலைசுற்றுகிறது, குமட்டுகிறது. எனக்கு வி.ஆர். ஒத்துவராதா?

பெரும்பாலும் கேமைப் பொறுத்தது. கண்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளி ஓடும்போது கண் நகர்கிறோம் என்கிறது, உள்காது நிற்கிறோம் என்கிறது, அந்த முரண்தான் குமட்டல். பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருவதன் மறுபக்கம் இது. உங்கள் காலால் நடக்கும் அளவுக்கே நகர வேண்டிய கேம்களில் அந்த முரண் இல்லை. தொடக்கத்தில் அவற்றை மட்டும் ஆடுங்கள். ஓடும் கேம்களில் டெலிபோர்ட் (ஓடாமல், காட்டிய இடத்துக்குச் சட்டென்று தாவும்) முறையையும், நகரும்போது ஓரங்களை இருட்டாக்கும் அமைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டால் எனக்கு உதவுகிறது. முக்கியமாக, குமட்டல் லேசாக ஆரம்பிக்கும்போதே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால், அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும்.

கண்ணுக்குக் கெடுதலா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

நிஜத்தில் பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், கூடவே கண்ணின் லென்ஸும் அந்தத் தூரத்துக்குக் குவியும். ஹெட்செட்டில் கண் திரும்பும், குவிவதோ எப்போதும் ஒரே தூரம்தான், பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர். இந்தப் பிணக்கால் கண் களைக்கும், அரை மணிக்கு ஒருமுறை கழற்றி ஜன்னலுக்கு வெளியே தூரமாகப் பாருங்கள். கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை ஹெட்செட்டில் சரியாக அமைப்பது அவசியம். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு, பல ஹெட்செட் அந்த அளவுக்கு வருவதே இல்லை. மெட்டா 10 வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது, சோனி 12 என்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 எப்படி?

2023 பிப்ரவரியில் வந்தது, வந்தபோது 549.99 டாலர், அப்போது அதை இயக்கும் பிளேஸ்டேஷன் 5 கன்சோலைவிட விலை அதிகம். ஓஎல்இடி கறுப்பு அருமை. உங்கள் விழி எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் படத்தைக் கூர்மையாக வரையும். நம் கண்ணும் நடுவில் மட்டும்தான் கூர்மையாகப் பார்க்கிறது என்பதால் மற்ற இடத்தில் மிச்சம் பிடிப்பது தெரியவே தெரியாது. நல்ல கருவி, கேம்தான் போதவில்லை. முதல் ஹெட்செட்டின் கேம் இதில் ஓடாது என்பது சோனி எடுத்த மோசமான முடிவு.

எந்த கேமில் தொடங்கலாம்?

பீட் சேபர். செக் நாட்டின் பிராக் நகரில் ஒரு சின்னக் குழு செய்தது, 2018ல் வந்தது. பாட்டுக்கேற்ப வரும் கட்டைகளை இரண்டு வாளால் வெட்ட வேண்டும், நகரவே வேண்டாம், அதனால் குமட்டாது, ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். பாட்டி முதல் பேரன்வரை யாருக்கும் விளக்கிச் சொல்லாமலே புரிந்த ஒரே கேம் நான் பார்த்ததில் இதுதான்.

அப்புறம் கம்ப்யூட்டர் இருந்தால் வால்வின் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், 2020 மார்ச். அதில் நிறைய நேரம் ஓடுவதில் போகாது, இழுப்பறையைத் திறப்பதிலும், பாட்டில்களைத் தள்ளிப் பார்ப்பதிலும், பதற்றத்தில் தோட்டாவைக் கீழே தவறவிடுவதிலும் போகும். கைகளுக்காக எழுதப்பட்ட கேம். அதற்கு இணையாக இன்னொன்று வராதது இந்தத் துறையின் பெரிய குறை, வாங்குபவர் குறைவு என்று பெரிய ஸ்டூடியோக்கள் ஒதுங்குகின்றன, கேம் இல்லை என்று வாங்குபவர்கள் ஒதுங்குகிறார்கள்.

ஏன் இன்னும் எல்லா வீட்டிலும் இல்லை?

எடை. முகத்தில் அரைக் கிலோ. குவெஸ்ட் 2 சுமார் 503 கிராம், மூன்று வருடம் கழித்து வந்த குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம். சிப் எத்தனையோ மடங்கு வேகமானது, எடை அப்படியே நிற்கிறது. 3,499 டாலருக்கு 2024ல் வந்த ஆப்பிள் விஷன் புரோ பேட்டரியைப் பாக்கெட்டுக்குத் தள்ளிய பிறகும் 600 கிராமுக்கு மேல். வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்பவர், இதை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களை மறந்து, எழுந்து நின்று ஆட வேண்டும் என்றால் தினமும் செய்ய மாட்டார். வாரத்துக்கு இரண்டு முறை ஆடுவேன், நானே அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு முறை கிடைப்பது வேறு எந்தக் கன்சோலிலும் கிடைப்பதில்லை.

பழைய ஹெட்செட் கைமாற்றாக வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக. மாட்டிப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள். முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளியோ கோடோ தெரிந்தால் அது வெயில் எரித்தது. லென்ஸ் வழியாக உள்ளே போகும் வெயில், பூதக்கண்ணாடியால் காகிதம் கருகுவதுபோல ஸ்கிரீனைச் சுட்டுவிடும், சில நொடி போதும். ஸ்கிரீனை மாற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஹெட்செட்டை ஜன்னல் ஓரம் லென்ஸ் மேலே பார்க்கும்படி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான், திரும்பி வந்தபோது இரண்டு கண்ணிலும் ஆளுக்கொரு கோடு. கண்ட்ரோலர் ஸ்டிக்கைத் தொடாமல் வைத்துவிட்டு ஆட்டத்தில் ஆள் தானாக நகர்கிறாரா என்று பாருங்கள். விற்பவரின் கணக்கை நீக்கி, உங்கள் கண் முன்னாலேயே ஹெட்செட்டைப் புதிதாகத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். முகத்தில் படும் பஞ்சை வேறு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஆடி முடித்ததும் உறைக்குள்ளோ அலமாரிக்குள்ளோ வையுங்கள், வெயில் வரும் பக்கம் லென்ஸைக் காட்டவே கூடாது.